அம்பத்தூர் இளவேனிற் சூத்திரம்: மூலமும் உரையும்

நூலுக்கு எல்லை கூறுவது பாயிர மரபு. கிழக்கே பாடி, மேற்கே பட்டாபிராம், வடக்கே புழல் ஏரிக்கரை, தெற்கே பூந்தமல்லி டிரங்க் ரோடு. இவற்றுக்கு அப்பால் வசந்தம் வருகிறதா என்பது எம் ஆராய்ச்சியில் அடங்காது. அண்ணாநகர்க்காரர்கள் தமக்கு வேண்டிய நூலைத் தாமே செய்துகொள்வாராக.

நுதலிய பொருள், காலை நடைக்குப் போகிறவர் கண்ணில் படும் இளவேனிலின் முதற்குறிகள். எடுத்த எடுப்பிலேயே ஒரு தடை. அப்படி ஒரு பருவமே கிடையாது என்பாரும் உளர், அவர்களும் லேசானவர்கள் அல்லர். இந்திய வானிலைத் துறை ஆண்டை நான்காகப் பங்கிடுகிறது: ஜனவரி, பிப்ரவரி குளிர்காலம், மார்ச் முதல் மே வரை கோடை, ஜூன் முதல் செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவமழை, மற்ற மூன்று மாதம் அதற்குப் பிந்தைய காலம். வசந்தத்துக்கு ஒரு வாரம்கூட ஒதுக்கவில்லை. பிப்ரவரி கடைசி இரவு குளிர்காலத்தில் படுத்தவர் மறுநாள் கோடையில் கண் விழித்தாக வேண்டும்.

பழைய உரைகாரர்கள் தாராளமானவர்கள். ஆண்டை ஆறாக்கி, சித்திரையும் வைகாசியும் இளவேனில் என்று இரண்டு மாதத்தைத் தூக்கிக் கொடுத்தார்கள். கொடுத்த இடம்தான் இடிக்கிறது. சென்னையில் சூரியன் உச்சந்தலைக்கு நேரே வந்து, நண்பகலில் மின்கம்பத்துக்கு நிழலே இல்லாமல் போகும் நாள் ஏப்ரல் 24ஐ ஒட்டி வருகிறது. மே 4இல் தொடங்கும் கத்திரி 28இல்தான் ஓய்கிறது. இரண்டும் மேற்படி இளவேனிலுக்குள் அடக்கம். அந்நாட்களில் அம்பத்தூர் ஓ.டி. நிறுத்தத்தில் பகல் பன்னிரண்டு மணிக்குப் பேருந்துக்கு நின்ற எவரும் அந்த வேனிலுக்கு ‘இள’ என்னும் அடை கொடுத்ததாகத் தெரியவில்லை.

அற்றேல், முன்னோர் பிழைத்தாரோ எனின், அன்று. நம் மாதக் கணக்கு நட்சத்திரங்களைப் பின்பற்றுவது. பருவமோ சூரியன் நிலநடுக்கோட்டைக் கடப்பதைப் பின்பற்றுவது. இரண்டுக்கும் ஆண்டுக்குச் சுமார் 20 நிமிடம் வேறுபாடு. 20 நிமிடம்தானே என்று விட்டால், 72 ஆண்டில் ஒரு நாள் ஆகிவிடுகிறது. சுமார் 1,700 ஆண்டுகளுக்கு முன் சித்திரைப் பிறப்பும் பகலிரவு சமமாகும் நாளும் ஒன்றாகவே இருந்தன. இன்று சமநாள் மார்ச் 20லும் சித்திரைப் பிறப்பு ஏப்ரல் 14லும் நிற்கின்றன. ஆக, மூன்று வாரத்துக்கு மேற்பட்ட தாமதத்துக்குப் பூமியின் அச்சின் தள்ளாட்டமே பொறுப்பு. ஆனால் எம் ஊர் மரங்கள் அந்தச் சமநாளுக்கும் ஒரு மாதம் முந்தி, மாசியிலேயே கிளம்பிவிடுகின்றன. இந்த எஞ்சிய அவசரத்துக்கு வானநூலில் விடை இல்லை. ஆவடி மின்ரயில் நிற்பதற்கு முன்பே இறங்கிப் பழகிய மண் இது என்பதோடு அமைக.

இனிச் சூத்திரம்.

வாதுமைச் செவ்விலை வாசலில் குவிதலும்
பெருக்குவோர் பூசலும் முதற்குறி என்ப.

வாதுமை என்றது நாம் வாதாங்கொட்டை மரம் என்று சொல்வதை. தையில் அதன் அகன்ற இலைகள் ஒவ்வொன்றாகச் சிவந்து, மாசிக்குள் மொத்தமும் தரைக்கு வந்து சேரும். ‘பூசலும்’ என்ற உம்மை, இலை மட்டும் போதாது, சண்டையும் வேண்டும் என்பதுபட நின்றது. அப்பூசலின் பாடம் வருமாறு: “மரம் உங்களுது, குப்பை மட்டும் எங்களுதா?” “அதன் நிழல்ல வண்டிய நிறுத்தறப்ப மரம் யாரோடதுன்னு கேட்டீங்களா?” இம்மரம் ஆண்டில் இருமுறை இலையுதிர்க்குமே, அப்போதும் இளவேனிலோ எனின், அன்று. மற்றது ஆடியை ஒட்டி வருவது. ஆடிக்காற்று இலைகளை அடுத்த தெருவுக்கே கொண்டுபோய் விடுவதால் பூசல் எழுவதில்லை. பூசல் இல்லாத இலை சான்றாகாது என்க.

குல்லாக் கழன்ற தலைகளை எண்ணிக்
காலம் கணித்தல் கற்றோர் கடனே.

சென்னைப் புறநகரில் குளிர் என்பது விடியற்காலையில் 20 டிகிரி. உலகின் பல நாடுகளில் இந்த வெப்பத்துக்குச் சட்டையைக் கழற்றுவார்கள். அம்பத்தூர் ஏரிக்கரையில் மார்கழி முதல் நாளே மங்கி குல்லாவும் மப்ளரும் ஏறிவிடும். அவை இறங்கும் வாரம் கவனிக்கத்தக்கது. “என்ன சார், குல்லா இல்லாம வந்துட்டீங்க?” “ரெண்டு ரவுண்டுக்கே வேர்க்குது சார்.” இந்த உரையாடல் நிகழ்ந்துவிட்டால் பின்பனி முடிந்தது. ஓய்வுபெற்ற ஆண்களின் குல்லா மட்டுமே கணக்கில் சேரும். பெண்கள் தொடக்கம் முதலே புடவைத் தலைப்பைக் காதோடு இழுத்துவிட்டுக்கொண்டு சமாளிப்பவர்கள்.

குயில் எங்கே என்று கேட்கும் வாசகர்க்கு விடை: வேண்டுமென்றே விடப்பட்டது. புலவர்கள் இப்பறவைக்குத் தந்த இடம் அதன் தகுதிக்கு மிகுதி. கூவுவது ஆண், அது விடிய நாலரை மணிக்கு ஆரம்பிப்பது காக்கை கூடு கட்டும் காலத்தை எதிர்நோக்கி. குயிலுக்குச் சொந்தமாகக் கூடு கிடையாது. பெண்குயில் காக்கைக் கூட்டில் முட்டையிட்டுவிட்டுப் போய்விடும். உண்மையில் உழைப்பது காக்கை. அம்பத்தூர் தொழிற்பேட்டைப் பக்கத்துக் காக்கை சுள்ளியோடு கம்பித்துண்டையும் சேர்த்துப் பின்னுகிறது. பருவத்தை அறிவிக்கும் பெருமை வாடகை தராதவர்க்கும், கட்டட வேலை காக்கைக்கும் என்பது ஞாயமன்று. ஆகவே குயில் சாட்சிக் கூண்டில் ஏற்றப்படவில்லை.

தர்ப்பூசணியையும் தள்ளினோம். மாசி பிறந்ததும் சி.டி.எச். ரோடு ஓரம் தார்ப்பாய் விரித்துக் குவிக்கப்படுவது உண்மைதான். ஆனால் அது லாரியில் வருவது. மரக்காணம், திண்டிவனம் பக்கத்துப் பழம் அந்த ஊர்களின் பருவத்தைச் சொல்லுமேயன்றி அம்பத்தூரின் பருவத்தை எப்படிச் சொல்லும்? திருமுல்லைவாயிலார் தம் ஊர் மாசிலாமணீசுவரர் கோயிலின் முல்லைக்கொடியைக் காட்டி வாதிடுவர். முல்லைத் திணைக்கு உரிய பெரும்பொழுது கார் என்று இலக்கணமே முடித்துவிட்டபடியால் அவ்வழக்குத் தள்ளுபடி. அதே கோயிலின் வெள்ளெருக்குத் தூண்களை வேண்டுமானால் காட்டலாம்; அவை பூப்பதில்லை.

மூன்றாவது சூத்திரமே இந்நூலின் உயிர்.

புங்கின் இளந்தளிர் பொலிவுறு நாளே
இளவேனில் என்மனார் ஏரிக் கரையோர்.

புங்கமரம் எவரும் ஏறிட்டுப் பாராத மரம். தெருவோரத்தில் புழுதி படிந்து, தபால் பெட்டியும் கட்சிக் கொடியும் சாய்ந்துகொள்ள நிற்பது. மாசியில் அதன் பழைய இலை பழுத்து உதிர்கிறது. சில நாட்கள் மொட்டையாக நிற்கிறது. பிறகு ஒரு வாரத்துக்குள், எண்ணெய் தடவியது போன்ற பளபளப்போடு இளம்பச்சைத் தளிர் மூடிவிடுகிறது. மழை பெய்து மாதக்கணக்காகியிருக்கும். ஏரி வற்றத் தொடங்கியிருக்கும். எதை நம்பி இப்படித் துளிர்க்கிறது என்றால், ஆழத்தில் இருக்கும் வேரை நம்பி. கோடை முற்றுவதற்குள் புதிய இலையைத் தயார் செய்துவிடுவது இவ்வகை மரங்களின் வழக்கம். பங்குனி, சித்திரையில் வெள்ளையும் வெளிர் ஊதாவுமாகப் பூத்துக் கொட்டும். சங்கப் பாட்டு அதைப் பொரிக்கு உவமை சொன்னது. பூந்தமல்லியில் நிறுத்தியிருக்கும் ஆட்டோக்களின் கூரையைப் பார்த்தால் உவமையின் செம்மை விளங்கும்.

தளிரில் குழப்பம் விளைவிப்பவை அரசும் மாவும் வேம்பும். இவற்றின் இளந்தளிர் செம்புநிறமாக இருப்பதால், வாடிய இலை என்று எண்ணி அனுதாபப்படுவோர் உண்டு. வேம்பு பூத்ததும் அடியில் பழைய வேட்டியை விரித்துப் பூ சேகரிக்கும் வீடுகள் இன்னும் இருக்கின்றன. ஆனால் அவர்கள் கவலை சித்திரை முதல் நாள் பச்சடியைப் பற்றியதாகையால், அதைப் பருவ ஆராய்ச்சியாகக் கொள்ளற்க.

இவ்வளவு நுணுக்கம் தேவையா என்பார்க்கு: இங்கிலாந்தின் நார்ஃபோக் பகுதியில் ராபர்ட் மார்ஷம் என்ற நிலக்கிழார் 1736இல் தொடங்கி, ஓக் தளிர்ப்பது, தகைவிலான் வருவது, தவளை கத்துவது என்று வசந்தத்துக்கு 27 குறிகளை வகுத்துக் குறித்துவந்தார். 1789இல் ராயல் சொசைட்டி அதை வெளியிட்டது. அவர் வம்சத்தார் 1958 வரை குறிப்பைத் தொடர்ந்தார்கள். இருபத்தேழிலும் மொட்டைமாடியில் காயும் கூழ்வற்றலும் அதன் பக்கத்தில் காக்கைக்காக விரித்துவைத்த கறுப்புக் குடையும் இல்லை என்பது அந்நூலின் குறைபாடு. ஜப்பானியர் இன்னும் கறார். தோக்கியோவில் யசுகுனி ஆலய வளாகத்தில் ஒரு செர்ரி மரத்தை அளவை மரமாக வைத்திருக்கிறார்கள். அதில் ஐந்தாறு பூ மலர்ந்ததை வானிலைத் துறை அதிகாரி நேரில் கண்டால்தான் தலைநகரில் செர்ரி பூத்ததாக அறிவிப்பு.

நமக்கும் ஓர் அளவை மரம் வேண்டும். ஆவடி பருத்திப்பட்டு ஏரியில் 2019 முதல் பசுமைப் பூங்காவும் நடைபாதையும் இருக்கின்றன. காலையில் நடக்க ஆளும் இருக்கிறது. அங்கே ஒரு புங்கமரத்துக்கு அந்தப் பதவியைக் கொடுத்துவிடலாம். சம்பளம் தரவேண்டியதில்லை. ஐந்து தளிர் விட்டதைக் கண்டவர் பக்கத்தில் நடப்பவரிடம் சொன்னால் போதும்; அறிவிப்பு அன்று மாலைக்குள் பூந்தமல்லி வரை போய்விடும். நியமனம் முடியும்வரை, கம்பியில் இடிக்கிறது என்று மாசியில் அரிவாளோடு வருகிறவர்கள் புங்கமரத்தை வைகாசி வரை விட்டுவைக்குமாறு கேட்டுக்கொள்கிறோம். கை அரிப்பெடுத்தால் கோனோகார்பஸ் ஏராளமாக நிற்கிறது.