குளவியும் கூட்டாளியும்

கேள்வி: ஒரு குளவி துளை போட்டு, வளர்ந்த பைன் மரமே செத்துப்போகுமா?

பதில்: துளையால் சாகாது, துளைக்குள் போகும் கூட்டாளியால் சாகும். சைரெக்ஸ் என்ற மரக்குளவியின் பெண், முட்டையோடு நச்சுப் பசையையும் ஒரு பூஞ்சணத்தையும் உள்ளே செலுத்துகிறது. பசை மரத்தின் எதிர்ப்பைத் தளர்த்த, பூஞ்சணம் நீரோட்டத்தைக் கெடுக்கிறது. பிள்ளைக்கு வீடும் தயார், சாப்பாடும் தயார்! சொந்த ஊரான ஐரோப்பாவில் இது பெரும்பாலும் நலிந்த மரங்களோடு நின்றுகொள்ளும். ஆஸ்திரேலியாவுக்குக் குடியேறியதும் கதை மாறியது. 1987-89இல் தென் ஆஸ்திரேலியா, விக்டோரியா எல்லைத் தோட்டங்களில் 50 லட்சத்துக்கும் அதிகமான மரங்கள் பட்டுப்போயின.

இதற்குக் கிடைத்த வைத்தியம் அபாரம். 1962இல் நியூசிலாந்தில் ஒரு நுண்புழுவைக் கண்டார்கள். அதே பூஞ்சணத்தைத் தின்று பெருகும் அது, குளவியின் முட்டைகளுக்குள்ளேயே குடியேறிவிடும். அந்த முட்டை பொரிக்காது. தாய்க்குளவியோ மரம் மரமாகப் பறந்து, தன் குலத்துக்கே எமனை விதைத்துவிட்டு வரும்!

ஆனாலும் நெருக்கி நட்டுக் கழிக்காமல் விட்ட தோட்டம்தான் குளவிக்குக் கொண்டாட்டம். பைன் வளர்ப்பவர்கள் நலிந்த மரங்களைக் காலத்தோடு கழித்துவிட வேண்டும்.