கூட இருக்கும் அக்காவுக்கு ஒரு வாழ்த்து

வைப்பினிலிருந்து கோஸ்ரீ பாலம் தாண்டி எர்ணாகுளத்துப் பெரிய ஆஸ்பத்திரிகளுக்கு அப்பாவையோ மாமியாரையோ கூட்டிவந்து, வார்டில் கட்டிலோரம் உட்கார்ந்திருக்கும் அக்கா, உங்களைப் புகழாமல் வேறு யாரைப் புகழ்வது?

அங்கே டாக்டர் உண்டு, நர்ஸ் உண்டு, லேப் உண்டு, மருந்துக் கவுண்டர் உண்டு. எல்லாவற்றையும் கோத்துவைக்கும் நூல் நீங்கள்தான். ரத்தக் குப்பியோடு லேபுக்கு நடப்பவர் நீங்கள். ரிப்போர்ட்டை வாங்கிவந்து, “டாக்டர் பார்த்தாச்சா, சிஸ்டர்?” என்று கேட்பவர் நீங்கள். நேற்று நிறுத்தச் சொன்ன மாத்திரை இன்றும் வந்தால் கண்டுபிடிப்பவர் நீங்கள். பென்சிலின் ஒத்துக்கொள்ளாது என்பதைக் காலை ஷிப்டுக்கும் மதிய ஷிப்டுக்கும் இரவு ஷிப்டுக்கும் சலிக்காமல் சொல்கிறீர்கள். இதய டாக்டர் சொன்னதைச் சிறுநீரக டாக்டர் அறிவது உங்கள் வாய்வழியாகத்தான். ஷிப்டுகள் மாறும், நீங்கள் மாறுவதில்லை. பயிற்சியும் இல்லை, சம்பளமும் இல்லை.

ஷிப்ட் மாறும்போது நோயாளியைப் பற்றிய தகவல் தவறாமல் கைமாற வேண்டும் என்பதை, 2007இல் உலக சுகாதார நிறுவனம் வெளியிட்ட ஒன்பது பாதுகாப்பு வழிகளில் ஒன்றாக வைத்தது. 2008இல் அறுவை சிகிச்சைக்கென 19 அம்சங்கள் கொண்ட பட்டியலைத் தந்தது. கத்தி வைக்குமுன் அறையில் இருப்பவர்கள் தத்தம் பெயரையும் பொறுப்பையும் சொல்ல வேண்டும் என்பதும் அதில் உண்டு. உலகத்து நிபுணர்கள் கூடி எழுதிய அந்தக் கவனத்தை நீங்கள் ஒற்றை ஆளாக நினைவில் சுமக்கிறீர்கள்.

ஊழியர்களையும் மனமாரப் புகழ்கிறேன். 2019 ஜூனில் இதே மாவட்டத்து இளைஞர் ஒருவருக்கு நிபா வந்தது. தனியார் ஆஸ்பத்திரி, களமசேரி மருத்துவக் கல்லூரி, புனே வைராலஜி நிறுவனம், சுகாதாரத் துறை எல்லாம் ஒரே அணியாக நின்றன. அவரோடு தொடர்பில் இருந்த முந்நூறுக்கும் மேற்பட்டவர்களைக் கண்காணித்தார்கள். இளைஞர் பிழைத்தார், வேறு யாருக்கும் தொற்றவில்லை. அத்தனை திறமை இந்த ஊரில் இருக்கிறது. கொள்ளைநோய் வந்தால் அது வெளியே வரும். சர்க்கரையும் ரத்தக் கொதிப்புமாகப் படுத்திருக்கும் பெரியவருக்கோ, அக்கா, நீங்கள் போதும் என்று நிர்வாகங்கள் நம்புகின்றன. உங்கள்மேல் அவ்வளவு நம்பிக்கை!

கட்டில் கட்டிலாக ஓடும் சிஸ்டர்களும் உங்களைப் போலவே புகழுக்குரியவர்கள். வேலையை முடித்துப் போகிறவரும் ஏற்க வருகிறவரும் நோயாளியின் பக்கத்தில் நின்று பேசிக்கொள்ளக் கொஞ்சம் நேரமும், எல்லோரும் பார்க்கும் ஒரே மருந்துத் தாளும் கிடைத்தால் போதும், அவர்கள் பார்த்துக்கொள்வார்கள். அது கிடைக்காத வார்டிலும் வேலை நடக்கிறதென்றால், அது அவர்கள் பெருமை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். அடுத்த கட்டிலில் துணைக்கு ஆளில்லாமல் படுத்திருக்கும் பெரியவரின் மாத்திரையையும் நீங்கள்தான் கவனிக்கிறீர்கள். அதற்காக உங்களைக் கையெடுத்துக் கும்பிடுகிறேன். அந்த வேலைக்கு ஆள் போட்டிருக்க வேண்டியவர்கள் இந்தக் கும்பிடைப் பார்க்கட்டும்.