பிடித்தம் போக

பன்னிரண்டு சீஷர்களில் எனக்குப் பிடித்தவர் பிலிப்பு. ஐயாயிரம் பேர் பசியோடு மலையடிவாரத்தில் கூடிவிட்டார்கள். இவர்களுக்கு எங்கே அப்பம் வாங்குவது என்று ஆண்டவர் கேட்கிறார். வேறு யாராக இருந்தாலும் முழித்திருப்பார்கள். பிலிப்பு உடனே மனக்கணக்குப் போட்டு, ஆளுக்கு ஒரு விள்ளல் கொடுத்தாலும் இருநூறு பணம் போதாது என்று சொல்லிவிட்டார். ஒரு பணம் என்பது அன்றைக்குக் கூலியாளின் ஒருநாள் சம்பளம். ஓய்வுநாள் போகக் கணக்கிட்டால் கிட்டத்தட்ட எட்டு மாதக் கூலி. நான் பலமுறை சரிபார்த்துவிட்டேன், பிலிப்பு சொன்னதில் தப்பே இல்லை.

ஆனால் பிரசங்கத்தில் எல்லா ஐயர்மாரும் பாராட்டுவது ஐந்து வாற்கோதுமை அப்பத்தையும் இரண்டு மீனையும் கொடுத்த பையனைத்தான். பிலிப்புவின் கணக்கு சரியென்று சொன்ன ஒருவரையும் நான் கேட்டதில்லை. தூத்துக்குடியில் ஓர் அலுவலகத்தில் கணக்கு எழுதிப் பிழைக்கிறவன் நான். எனக்கு இதில் வருத்தம் உண்டு. மத்தேயுவும் கணக்குக்காரர்தானே என்பீர்கள். அவர் வேலையை விட்டுவிட்டு வந்தவர். பணப்பையை வைத்திருந்த இன்னொருவரைப் பற்றி நாம் பேச வேண்டாம்.

தசமபாகம் என்றால் பத்தில் ஒன்று. எதில் பத்தில் ஒன்று என்ற இடத்தில்தான் என் விசுவாசம் சுறுசுறுப்பாக வேலை செய்கிறது. மொத்தச் சம்பளத்திலா, பிடித்தம் போகக் கைக்கு வருவதிலா? பி.எஃப். என்னுடைய பணம்தான், ஆனால் இன்னும் என் கைக்கு வரவில்லையே. வயதான பிறகு வரும், அப்போது கர்த்தரும் நானும் பேசிக்கொள்ளலாம். வீட்டுக் கடன் தவணை கைக்கு வந்த அன்றே போய்விடுகிறது. பிள்ளைகள் கர்த்தர் கொடுத்தவர்கள். ஆகையால் மகளின் கல்லூரிக் கட்டணமும் அவர் கணக்கில்தான் சேரும். இப்படிக் கழித்துக்கொண்டே போனால் ஒரு கட்டத்தில் கர்த்தர் எனக்குப் பாக்கி வைத்திருக்கிறார் என்று விடை வருகிறது. அந்த இடத்தில் பயந்துபோய் நிறுத்திவிட்டு, ஏதோ ஒரு தொகையை உறையில் போட்டு ஒட்டிவிடுவேன்.

உறை இல்லாத ஞாயிறுகளில் காணிக்கைப் பை. சில வருஷங்களுக்கு முன்பு நம் பக்கத்துக் கடைகளில் பத்து ரூபாய் நாணயத்தை வாங்க மாட்டோம் என்றார்கள். செல்லும், செல்லும் என்று ரிசர்வ் வங்கி திரும்பத் திரும்பச் சொல்லியும் பஸ்ஸில் வாங்கவில்லை, டீக்கடையில் வாங்கவில்லை. என் மேஜை டிராயரில் சேர்ந்த நாணயங்கள் எல்லாம் எங்கே போயின என்று சொல்ல வேண்டுமா? ஒட்டுப்போட்ட நோட்டுகளும் அதே வழியில்தான் போயின. குருட்டு ஆட்டையும் நொண்டி ஆட்டையும் பலிக்குக் கொண்டுவந்தவர்களை மல்கியா தீர்க்கதரிசி கடுமையாகத் திட்டியிருக்கிறார். ஒட்டுப்போட்ட நோட்டைப் பற்றி அவர் ஒன்றும் சொல்லவில்லை.

இதெல்லாம் யாருக்கும் தெரியாமல் செய்தது. ஊரறியச் செய்தது அறுப்பின் பண்டிகை ஏலத்தில். அந்த ஏலத்தைப் பார்த்தவர்களுக்குத் தெரியும், ஓர் எலுமிச்சம்பழம் ஐந்நூறு ரூபாய்க்குப் போகும். எடுத்தவர் அதை மறுபடியும் ஏலத்துக்கே கொடுத்துவிடுவார். அது இன்னொரு முறை போகும். நான் இதில் ஒரு உத்தி வைத்திருந்தேன். ஆரம்பத்தில் கணீரென்று கேட்க வேண்டும். சபை திரும்பிப் பார்க்கும். சூடு பிடித்ததும் மெல்ல ஒதுங்கிக்கொள்ளலாம். பெயரும் கிடைக்கும், காசும் மிஞ்சும். ஒரு வருஷம் பூசணிக்காய் ஒன்றுக்கு ஆயிரம் என்றேன். அதுவரை என்னோடு போட்டி போட்டுக்கொண்டிருந்த மளிகைக் கடைக்காரர் அந்த நேரம் பார்த்துப் போன் பேச வெளியே போய்விட்டார். கமிட்டிக்காரர் மூன்றாம் தரத்தை அவ்வளவு அவசரமாகச் சொல்லி நான் கேட்டதே இல்லை. கைதட்டல் அடங்கிய பிறகும் எல்லோரும் என்னையே பார்த்தார்கள், காயைத் திருப்பிக் கொடுப்பேன் என்று. நான் அதைத் தோளில் வைத்துக்கொண்டு வீட்டுக்கு நடந்தேன். ஒரு வாரம் சாம்பார், கூட்டு, அல்வா. ஐயர் வீட்டுக்கு மனைவி ஒரு கீற்று அனுப்பினாள். அதையும் காணிக்கையில் வரவு வைத்துக்கொண்டேன்.

இந்தக் குணம் பரம்பரையாக வந்தது என்று சொல்லித் தப்பிக்கலாம் என்றால் ஆச்சி குறுக்கே நிற்கிறாள். நாசரேத் பக்கம் ஒரு கிராமத்தில் இருந்தவள். உலை கொதித்ததும் அரிசியை அளப்பாள். அளந்த அரிசியிலிருந்து ஒரு பிடி எடுத்து மூலையில் இருக்கும் கலயத்தில் போட்டுவிட்டுத்தான் மீதியைக் களைவாள். அதற்குப் பிடியரிசி என்று பெயர். அது கோயிலுக்கு. நான் கவனித்த ஒன்று உண்டு. சாப்பிட்டு மிஞ்சியதிலிருந்து அவள் எடுக்கவில்லை, பானையில் கிடந்ததிலிருந்தும் எடுக்கவில்லை. எங்களுக்கென்று அளந்து முடித்ததிலிருந்து எடுத்தாள். அதாவது யாரோ ஒருவருக்கு அன்றைக்கு ஒரு பிடி குறையும். யாருக்கு என்பது வீட்டில் எல்லோருக்கும் தெரியும். கடைசியில் சாப்பிடுகிறவள் அவள்தான். அரிசி தட்டுப்பாடான நாட்களில் பிடி சின்னதாகும், நிற்காது.

அந்தக் கலயத்தைக் கோயிலுக்குத் தூக்கிக்கொண்டு போகும் வேலை என்னுடையது. பச்சை அரிசியை மெல்லும் சுகம் தெரிந்தவர்கள் என்னை மன்னிப்பார்கள். கோயில் போய்ச் சேரும்போது கலயத்தில் கர்த்தருடைய பங்கு கொஞ்சம் இறங்கியிருக்கும்.

ஆச்சி இன்னொன்றும் கூச்சமில்லாமல் சொல்வாள். எங்கள் குடும்பம் வேதத்துக்கு வந்தது தாது வருஷப் பஞ்சத்தில். 1876 முதல் 1878 வரை நீடித்த அந்தப் பஞ்சத்திலும் அதை ஒட்டியும் திருநெல்வேலிச் சீமையில் ஆயிரக்கணக்கானவர்கள் திருச்சபையில் சேர்ந்தார்கள். கஞ்சிக்காக வந்தவர்கள் என்று அன்றும் சொன்னார்கள், இன்றும் சொல்கிறார்கள். "ஆமா, கஞ்சிக்குத்தான் வந்தோம். குடுத்தவன் யாருன்னு பொறவு தெரிஞ்சுக்கிட்டோம்" என்பாள் ஆச்சி. நான் படித்தவன். கல்லூரியில் யாராவது இதைக் கேட்டால் எங்கள் முன்னோர் ஆழ்ந்த ஆன்மிகத் தேடலில் வந்ததாகச் சொல்லிவைத்தேன்.

கஞ்சி வாங்கிய அந்தச் சீமை அடுத்து என்ன செய்தது என்பதைச் சபை வரலாறு படிக்கும்போதுதான் கவனித்தேன். பஞ்சம் முடிந்து கால் நூற்றாண்டில், 1903-ல், இந்திய மிஷனரி சங்கத்தைத் தொடங்கித் தெலுங்கு நாட்டுக்கு ஆள் அனுப்பியிருக்கிறது, தன் மக்கள் கொடுத்த காசில். அதில் முன்னின்ற அசரியா, பஞ்சத்துக்கு இரண்டு வருஷம் முன்பு, 1874-ல் வெள்ளாளன்விளையில் பிறந்தவர். 1912-ல் தோர்ணக்கல்லின் பேராயர் ஆனார். ஆங்கிலிக்கன் சபையில் இந்தியர் ஒருவர் பேராயரானது அதுவே முதல் தடவை. அங்கே அவருடைய சபையார் பெரும்பாலும் நிலமில்லாத கூலிகள். நீங்கள் ஏழைகள், உங்களுக்கு விலக்கு என்று அவர் சொல்லவில்லை. கொடுக்கக் கற்றுக்கொடுத்தார், கிறிஸ்தவக் கொடையைப் பற்றி ஒரு புத்தகமும் எழுதினார். எங்கள் வீட்டு அலமாரியில் அப்படிப்பட்ட புத்தகங்கள் நிறைய இருக்கின்றன. அட்டை கசங்காமல் வைத்திருக்கிறேன்.

இனி வெள்ளத்துக்கு வருகிறேன். இவ்வளவு நேரம் சுற்றியதே அதைத் தள்ளிப்போடத்தான்.

2023 டிசம்பர் 17, ஞாயிற்றுக்கிழமை. பண்டிகைக்கு ஒரு வாரம். அன்றும் மறுநாளுமாகப் பெய்த மழையில் காயல்பட்டினத்தில் மட்டும் ஒரே நாளில் சுமார் 95 சென்டிமீட்டர் பதிவானது; எங்கள் மாவட்டத்துக்கு ஒரு வருஷம் முழுக்கக் கிடைக்கும் மழையைவிட அதிகம். கோரம்பள்ளம் குளம் உடைத்துக்கொண்டு ஊருக்குள் வந்தது. கரண்ட் இல்லை, போன் இல்லை, சாலை இல்லை. நாங்கள் மாடியில் இருப்பவர்கள். எங்கள் வீட்டில் கிறிஸ்துமஸுக்கு வாங்கி வைத்த மைதா, சர்க்கரை, முந்திரி, பால் பவுடர், மெழுகுவர்த்தி எல்லாம் இருந்தன. உறவினர்களுக்குக் கொடுக்க வாங்கிய மக்ரூன் பொட்டலங்களும் இருந்தன.

கீழ்வீட்டில் இடுப்பளவு தண்ணீர். அந்த அண்ணாச்சி குடும்பத்தோடு மேலே வந்தார். தண்ணீரில் காப்பாற்றித் தலையில் தூக்கிக்கொண்டு வந்தது ஒரே ஒரு பை, ரேஷன் அரிசி. எங்கள் அடுக்களையில் அதை இறக்கி வைத்துவிட்டு, "மதினி, இதையும் சேத்துப் பொங்குங்க" என்றார். எவ்வளவு இருக்கிறது, எத்தனை நாள் வரும் என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. நான் ஏற்கெனவே கணக்குப் போட்டிருந்தேன். அவர் படியேறி வரும் சத்தம் கேட்டபோதே மைதா, பால் பவுடர், மக்ரூன் மூன்றையும் பரண்மேல் ஏற்றிவிட்டிருந்தேன். மெழுகுவர்த்தி மட்டும் மேஜைமேல் இருந்தது. அதில் பெரியவற்றை எடுத்துவைத்துவிட்டுச் சின்னதை ஏற்றினேன்.

"பரண்ல என்னமோ இருந்துச்சே" என்றாள் மனைவி, எனக்கு மட்டும் கேட்கும்படி.

"பண்டிகைக்கு இருக்கட்டும்" என்றேன்.

"பண்டிகை எங்க வரப்போவுது?"

கஞ்சி, துவையல், கஞ்சி. அண்ணாச்சியின் சின்ன மகன் பாலுக்கு அழுதான். வெளியே ஒரு பால் பாக்கெட்டுக்கு என்ன விலை சொல்கிறார்கள் என்று பேசிக்கொண்டோம். விலைவாசியைப் பற்றி நான்தான் அதிகம் பேசினேன். இரண்டாம் இரவு எல்லோரும் தூங்கியதும் பரணில் ஏறி ஒரு மக்ரூன் பொட்டலத்தை எடுத்துக்கொண்டு குளியலறைக்குள் போனேன். தூத்துக்குடி மக்ரூனில் ஒரு நல்ல குணம், வாயில் வைத்தால் சத்தமில்லாமல் கரைந்துவிடும். நான் வெளியே வந்தபோது மனைவி விழித்திருந்தாள். அவள் கேட்டது ஒன்றுதான், "பால் பவுடர் எந்தப் பக்கம்?" காலையில் அந்தப் பையன் பால் குடித்தான். பரணிலிருந்து எடுத்தது நான்தான் என்பதால் அண்ணாச்சி எனக்கு நன்றி சொன்னார், நான் ஏற்றுக்கொண்டேன்.

ஓய்வுநாள் பள்ளியில் சாறிபாத் விதவையின் கதையை நான் வருஷம் தவறாமல் எடுக்கிறவன். பஞ்சகாலம். பானையில் ஒரு பிடி மா, கலசத்தில் கொஞ்சம் எண்ணெய், சுட்டுத் தின்றுவிட்டுப் பிள்ளையோடு சாக விறகு பொறுக்குகிற பெண். அவளிடம் போய் எலியா, முதலில் எனக்கு ஓர் அடை செய்து கொண்டு வா என்கிறார். பிள்ளைகள் யாரும் கேட்டதில்லை, ஆனால் எனக்கே இது நியாயமாகப் பட்டதில்லை. வெள்ளத்துக்குப் பிறகு வேறொன்று உறைத்தது. சாறிபாத் சீதோனைச் சேர்ந்தது; எலியாவைக் கொல்லத் தேடிய யேசபேலின் தேசம். அந்தப் பெண் அவருடைய கடவுளை, உம்முடைய கடவுள் என்றுதான் சொல்கிறாள். வேதம் தெரிந்தவர் கையேந்துகிறார், வேதம் தெரியாதவள் கொடுக்கிறாள். அதே டிசம்பரில் ஸ்ரீவைகுண்டத்தில் தண்டவாளத்தில் மண் அரித்துப்போய்ச் செந்தூர் எக்ஸ்பிரஸ் நின்றது. சுமார் எண்ணூறு பயணிகள். பக்கத்துப் புதுக்குடி மக்கள், தங்கள் ஊரையும் தண்ணீர் சூழ்ந்திருந்த நேரத்தில், வீட்டில் இருந்ததை எடுத்து அவர்களுக்குச் சமைத்துப் போட்டார்கள். பயணிகள் எத்தனை பேர், அரிசி எத்தனை படி என்று அங்கே ஒரு பிலிப்பு கேட்டிருந்தால் உலையே ஏறியிருக்காது.

சாறிபாத் விதவையின் பானையில் மா குறையவில்லை. என் பரணிலும் மைதா குறையவில்லை, ஒருவரும் தொடாததால். தண்ணீர் வடிந்து கரண்ட் வந்து கேக் போடலாம் என்று பையைப் பிரித்தால் உள்ளே வண்டு. வனாந்தரத்தில் மன்னாவை மறுநாளுக்கு எடுத்துவைத்தவர்களுக்குப் புழு வந்தது. அவர்களுக்காவது ஒரே இரவில் தெரிந்துவிட்டது.

பிறகு அரசு வெள்ள நிவாரணமாகக் குடும்ப அட்டைக்கு ஆறாயிரம் ரூபாய் அறிவித்தது. என் வீட்டில் நனைந்தது வாசல் கால்மிதி ஒன்றுதான். ஆனால் அட்டை இருக்கிறது, டோக்கன் வந்திருக்கிறது. வாங்காவிட்டால் அரசுக்கும் கணக்கு உதைக்குமே என்று போய் வரிசையில் நின்றேன். எனக்கு முன்னால் அண்ணாச்சி நின்றார். அவருடைய பிரிட்ஜ், கட்டில், பிள்ளைகளின் புத்தகம் எல்லாம் போயிருந்தன. இருவரும் ஒரே தொகையை வாங்கிக்கொண்டு வந்தோம்.

அந்த ஞாயிறு கோயிலில் நிவாரண நிதி திரட்டினார்கள். ஆறாயிரத்தையும் அப்படியே உறையில் போட்டுக்கொண்டுதான் புறப்பட்டேன், இதை நம்ப வேண்டும். போகிற வழியில் யோசனை வந்தது. கால்மிதி வாங்க வேண்டும். மைதா நஷ்டம். மக்ரூன் நஷ்டம். கோயில் வாசலில் உறையைப் பிரித்து, கடைசியில் அறுநூறு ரூபாயை உள்ளே விட்டேன். சரியாகத் தசமபாகம், அதுவும் பிடித்தம் எதுவும் போகாமல், மொத்தத் தொகைக்கு. வாழ்நாளில் முதல்முறை.

பொருளாளர் நோட்டில் எழுதும்போது, "பேரு போடலாமா அண்ணாச்சி?" என்று கேட்டார். வலது கை கொடுப்பதை இடது கை அறியக் கூடாது என்பது எனக்குத் தெரியாதா? "வேண்டாம், ஒரு சகோதரர்னு போடுங்க" என்றேன். பின்னால் வரிசையில் நின்ற நான்கைந்து பேருக்காவது கேட்டிருக்கும்.

அடுத்த மாதச் சபைப் பத்திரிகை வந்ததும் நிவாரண நிதிப் பட்டியலை விரித்து மனைவியிடம் காட்டினேன். அதில் 'ஒரு சகோதரர், ரூ. 600' என்று மூன்று இடத்தில் இருந்தது. இதில் நீங்கள் யார் என்று கேட்டாள். முதலில் இருப்பவர் என்றேன்.