மூட்டையோட நிக்கிற பேராண்டிக்கு

ஏலே பேராண்டி, அம்பது கிலோ மூட்டையத் தலையில வச்சுக்கிட்டு, "எம்புட்டு வேலை பாக்கேன் தாத்தா"ன்னு பத்து நிமிசமா முனகுதியே, யார்கிட்டலே கதை விடுத? நேத்து ராத்திரி நீ கத்திப் படிச்ச பாடத்தத் திண்ணையில படுத்துக்கிட்டே கேட்டவன்லே நான். விசையையும், அந்த விசை போற பக்கமா நகர்ந்த தூரத்தையும் பெருக்குனாத்தான் வேலை. நின்ன எடத்துல நின்னா தூரம் சைபர். நான் திண்ணையில சாஞ்சிருக்கேன், நீ மூட்டையோட நிக்க. புத்தகக் கணக்குல ரெண்டு பேரு பாத்ததும் ஒண்ணுதான்.

களத்துல இருந்து நடந்து வந்தேன்பியே? அதுவும் செல்லாது. நீ தாங்குறது மேல்பக்கமா, நடந்தது தரையோட தரையா. தாங்குன விசைக்குச் சல்லிக்காசு தேறாது. கழுத்து வலிக்கத்தான் செய்யும். தசை உள்ளுக்குள்ள இழுத்து இழுத்து விட்டுக்கிட்டே கெடக்கும். தின்ன சோறு சூடாப் போவும். அது மூட்டைக்குச் சேராதுலே.

அதே மூட்டையத் தரையில இருந்து ஒன்றரை மீட்டர் உசர லாரியில ஏத்து, 735 ஜூல் எழுதிக்கிடுதேன். அந்த ஜூலுங்கிறவரு இங்கிலாந்துல பீர் காய்ச்சுற வீட்டுப் பிள்ளையாம். அப்படியும் கணக்கு தள்ளாடல பாரு!

உடனே மூணு மீட்டர் பலகையத் தேடுவியே, கள்ளப்பய! சாச்சுப் போட்டு இழுத்தா 490 நியூட்டனுக்குப் பதிலா 245 போதும், நெசந்தான். ஆனா தூரம் ரெண்டு மடங்கு. பெருக்கு, அதே 735. பலகையில உரசுறதுக்குத் தண்டம் தனி.

அந்தக் காலத்துல கெணத்துத் தண்ணி எறைச்ச நம்ம கமலை மாட்டுக்கு இந்தச் சரிவு வித்தை எப்பமோ தெரியும். தண்ணி மொள்ளுற கூனை நெறஞ்சிருக்கையில சரிவுல எறங்கித்தான் வடத்த இழுக்கும். தன் உடம்பு கனத்தையும் சேத்து விட்டுரும். தண்ணி கொட்டுன பெறகு பின்னாலயே மேட்டுக்கு ஏறும். ஏமாத்துன்னு நெனைக்காத. எறங்குன மேட்டத் திரும்ப ஏறி, வாங்குன கடன அங்கயே அடைச்சிரும். உனக்கும் எனக்கும் அந்த நாணயம் கெடையாது.

சரி, மெதுவா எறக்கி வை. எறக்கையில நீ பாக்குற வேலை மைனஸாம்லே. கூலின்னு வந்து நின்னுராத, நீதான் எனக்குத் தரணும்.