பட்டாளம் பார்க்காத பட்டாளத்துக்காரர்

கோயமுத்தூரில் எங்கள் தெருவுக்கு வந்து 'பட்டாளத்துக்காரர் வீடு எது?' என்று விசாரித்தால், பால்காரப் பையன் முதல் தபால்காரர் வரை எவரும் தயங்காமல் கைகாட்டும் வீட்டில் வசிப்பவர், தம்முடைய அறுபத்துநான்கு வருஷ ஜீவியத்தில் ஒரு நாளேனும் ராணுவ சேவகம் செய்தவரல்லர். ஒரு கூட்டுறவுச் சங்கத்தில் முப்பத்தைந்து வருஷம் கணக்கெழுதி, பற்றும் வரவும் ஒத்துப்போகாத ராத்திரிகளில் மட்டும் சிறிது யுத்த உணர்ச்சி கொண்டு, பிறகு பென்ஷனில் வெளிவந்தவர். பட்டாளத்தில் இருந்தது அவரல்லர், அவருடைய லாரி. டாக்டரின் மனைவி டாக்டரம்மாவாகவும் தாசில்தாரின் மனைவி தாசில்தாரம்மாவாகவும் ஆகிவிடுவதில்லையா? அதே நியாயப்படி லாரியின் உத்தியோகம் இவர்மேல் ஒட்டிக்கொண்டது.

அந்த லாரி கனடா தேசத்தில் பிறந்தது. இரண்டாம் உலக யுத்த காலத்தில் அத்தேசம் செய்து குவித்த எட்டு லட்சத்துக்கும் மேற்பட்ட ராணுவ வாகனங்களில் ஒன்று. சி60எல் என்பது அதன் திருநாமம். 'சி' என்றால் ஷெவர்லே, 60 என்றால் 60 ஹண்டர்வெயிட், அதாவது மூன்று டன் பாரம், 'எல்' என்றால் முன்னச்சுக்கும் பின்னச்சுக்கும் நடுவே 158 அங்குலம் என்று, சங்கல்பத்தில் கோத்திரம் சொல்லும் புரோகிதரின் வேகத்தில் அவர் ஒப்பிப்பார். யுத்தம் முடிந்து, இந்தியாவுக்கு வந்த வண்டிகளையெல்லாம் சர்க்கார் 'டிஸ்போஸல்' என்று ஏலம்விட்டபோது, அது ஒரு மரவியாபாரியின் கையில் சிக்கிக் கூப்பு லாரியாகி, பாலக்காட்டுப் பக்கத்து மலைகளிலிருந்து தேக்கும் ஈட்டியும் இழுத்துச் சலித்து, கடைசியில் ஒரு மரமில்லின் கொல்லைப்புறத்தில், நடுவில் முருங்கை முளைத்த நிலையில், பேரீச்சம்பழக்காரன்கூட எடைபோட யோசிக்கும் அவஸ்தையை அடைந்திருந்த சமயத்தில்தான், நம்மவருடைய பென்ஷன் பணம் அங்கே போய்ச் சேர்ந்தது.

கப்பலில் அதிக இடம் அடைக்கலாகாது என்று மூக்கைச் சப்பையாக்கிச் செய்த வண்டியாதலால், முதற்பார்வைக்கு அது லக்ஷ்மணனைச் சந்தித்துவிட்டு வந்த சூர்ப்பணகையை ஞாபகப்படுத்தும். மூக்கில் இடமில்லாத எஞ்சின் உள்ளே வந்து உட்கார்ந்துவிட்டதால், டிரைவர் தம் கால்களை எங்கே வைப்பது என்பது கனடாக்காரர்கள் தீர்க்காமல் விட்டுவிட்ட பிரச்னை. முன்கண்ணாடியோ கீழ்ப்பக்கம் உள்ளடங்கி, மேற்பக்கம் முன்னே துருத்தி, மூக்குக்கண்ணாடிக்கு மேலாகப் பையன்களை நோக்கும் ஹெட்மாஸ்டரைப்போல் தெருவை நோக்கிக் குனிந்திருக்கும். வெயில் பட்டு மின்னி, மேலே பறக்கும் பகைவன் கண்ணுக்குத் தென்படாதிருக்கச் செய்த உபாயம் அது. உபாயம் இன்றளவும் பலிக்கிறது என்பது நம்மவர் கட்சி. எந்த எதிரி விமானமும் இதுவரை எங்கள் தெருவைக் கண்டுபிடித்ததில்லை என்பதை அவர் அத்தாட்சியாகக் காட்டுவார்.

அவருடைய வீட்டுக்கு எந்தக் காரியமாகப் போனாலும் சிவப்பு நட்டுகளைத் தரிசிக்காமல் திரும்ப முடியாது. அந்த லாரியின் சக்கரம் இரண்டு பாதிகளாகச் செய்து முடுக்கியது. சக்கரத்தை அச்சோடு பிடித்திருக்கும் நட்டுகள் வேறு. இரண்டு பாதிகளையும் ஒன்றோடொன்று பிடித்திருக்கும் நட்டுகள் வேறு. பின்னவற்றுக்குச் சிவப்பு வர்ணம் பூசியிருக்கும். டயரில் காற்றிருக்கும்போது விஷயம் தெரியாத ஒருவன் சிவப்பைக் கழற்றினானானால், சக்கரத்தின் ஒரு பாதி பீரங்கிக் குண்டுபோல் கிளம்பும். அதற்கப்புறம் அவனுக்கு எந்த விஷயமும் தெரியவேண்டிய அவசியம் இராது. "மத்ததெல்லாம் தொடுங்க, செவப்பு நட்டை மட்டும் தொட்டுப்போடாதீங்க" என்பது அவருடைய மகாவாக்கியம். மகளைப் பெண்பார்க்க வந்தவர்களுக்குக் காப்பி கொடுப்பதற்கு முன்பு இந்த உபதேசம் கொடுக்கப்பட்டது. ஸ்பானரையே கண்டிராத அந்தப் பெரியவர்கள், இது ஏதோ வரதக்ஷிணை சம்பந்தமான ஜாடைப்பேச்சாயிருக்குமோ என்று ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டது எனக்குத் தெரியும். நானும் அந்தத் திண்ணையில் இருந்தேன்.

வண்டி வந்து சேர்ந்தபோது அதில் பெர்க்கின்ஸ் டீசல் எஞ்சின் ஒன்று, மரவியாபாரி காலத்தில் பூட்டியது, ஓடிக்கொண்டுதான் இருந்தது. ஓடுகிறது என்பது அதற்குச் சாதகமான வாதமாக அவருக்குப் படவில்லை. அது அசல் இல்லை. கழற்றி வைத்துவிட்டு, ஷெவர்லேயின் 216 கன அங்குல ஆறு சிலிண்டர் பெட்ரோல் எஞ்சினைத் தேடி உக்கடத்துப் பழைய இரும்புக் கடைகளில் நான்கு வருஷம் திருப்பணிக்கு நன்கொடை கேட்பவரைப்போல் அலைந்து, முடிவில் ஒரு தோப்பில் கிணற்று நீர் இறைத்து ஓய்ந்துகிடந்த ஒன்றைக் கண்டெடுத்தார். அதில் கனெக்டிங் ராடுகளின் அடியில் சிறு கரண்டிகள் உண்டு. அவை சுழலும்போது, உத்தரணியால் தீர்த்தம் மொள்வதுபோல எண்ணெயை மொண்டு தமக்குத் தாமே அபிஷேகம் செய்துகொள்ளும். பேரிங்குகளோ கடையில் வாங்குகிற சரக்கல்ல. வெள்ளீயக் கலவையை உருக்கி வார்த்து, கையால் சுரண்டிப் பதம் பார்க்கவேண்டும். அந்த வித்தை தெரிந்த கிழ மேஸ்திரி ஒருவர் தம் பட்டறையில் ஒரு நாளைக்கு ஒரு பேரிங் வீதம் சுரண்ட, நம்மவர் எதிரே ஸ்டூலில் அமர்ந்து, கச்சேரியில் நிரவலுக்குத் தலையாட்டுவதுபோல் ஒவ்வொரு சுரண்டலுக்கும் தலையாட்டினார்.

இந்தப் பக்தி மார்க்கத்தில் வடகலை தென்கலை உண்டு. பீளமேட்டிலுள்ள சிநேகிதர் ஒருவர் ஏலத்தில் எடுத்த ஜோங்கா வைத்திருக்கிறார். 1969 முதல் ஜபல்பூர் ராணுவத் தொழிற்சாலையில் நிசான் வண்டியை மாதிரியாகக் கொண்டு செய்தார்களே, அது. பெட்ரோலைப் பாலைவனத்து ஒட்டகம்போல் குடிக்கும் அதன் எஞ்சினை எடுத்தெறிந்துவிட்டு, லாரி டீசல் எஞ்சினும் பவர் ஸ்டீயரிங்கும் ஏசியும் வைத்து, மாறுதலை ஆர்.சி. புத்தகத்திலும் ஏற்றிக்கொண்டவர். ஜீர்ணோத்தாரணம் ஒன்றே தர்மம் என்பது நம்மவர் சித்தாந்தம். மூலவருக்கு மின்விசிறி போட்டால் குற்றமா என்பது அவருடையது. இருவரும் ஞாயிறுதோறும் சந்தித்து, போண்டா தீரும்வரை சண்டையிட்டுப் பிரிவார்கள்.

வர்ணம் பூசும் கட்டத்தில் அரசாங்கம் குறுக்கிட்டது. பாதுகாப்புத் துறை வண்டிக்கல்லாமல் வேறெதற்கும் ஆலிவ் பச்சை பூசலாகாது என்பது 1989ஆம் வருஷத்து மத்திய மோட்டார் வாகன விதிகளில் 121ஆவது விதி. ரிட்டயரான சுபேதாரை மீசை மழிக்கச் சொல்வதற்கு ஒப்பான இந்தக் கொடுமையைக் கேட்டு அவர் இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை. மூன்றாம் நாள், பச்சையென்று எந்த அதிகாரியும் சொல்லமுடியாத, பச்சையில்லையென்று தம் மனசு சொல்லமுடியாத ஒரு வர்ணத்தைக் குழைக்க ஆரம்பித்தார். காம்பவுண்டுச் சுவரில் பதினொரு திட்டுகள் இன்றும் இருக்கின்றன. தேர்ந்தெடுக்கப்பட்ட திட்டைத் தெருப் பிள்ளைகள் சாணி என்கிறார்கள். அவர் மட்டும் 'ஒருவிதக் காக்கி' என்கிறார்.

அவரிடம் வந்துசேர்ந்த இத்தனை வருஷங்களில் அந்த மூன்று டன் லாரி சுமந்த ஒரே சரக்கு அவர் மனைவியாருடைய மிளகாய்தான். நாய் ஏறாத உயரம், நாள் முழுதும் வெயில், சுற்றிலும் அடைப்பு; மிளகாய் காயவைக்க அதைவிட உத்தமமான ஸ்தலம் எங்கள் பேட்டையில் இல்லை.

"மூணு டன் தாங்கற வண்டியம்மிணி இது, அஞ்சு கிலோ மொளகாயக் கொண்டாந்து கொட்டறயே!" என்று அவர் அங்கலாய்ப்பார்.

"மூணு டன்னு வாங்கிக் குடுங்க, காயப்போடறேன்" என்று பதில் வரும்.

ஆகவே போன ஆயுத பூஜைக்கு வண்டி ஓடப்போகிறது என்ற செய்தியைத் தெருவே கொண்டாடியபோது, அந்த அம்மாள் மட்டும் முகம் வாடி, இரண்டு படி மிளகாயை மூட்டைகட்டி உள்ளே வைத்துவிட்டார்.

வாழைக்கன்று கட்டி, சந்தனம் குங்குமம் சாத்தி, பூசணிக்காய் சுற்றி உடைத்து, நான்கு சக்கரத்துக்கும் நான்கு எலுமிச்சம்பழம் வைத்தாயிற்று. நம்மவர் காலை எங்கேயோ மடக்கி வைத்துக்கொண்டு ஏறியமர்ந்தார். எஞ்சின் இருமியது, தும்மியது, பிறகு வெகு சாந்தமாக உறுமத் தொடங்கியது. ஜோங்காக்காரர் கண்ணைத் துடைத்துக்கொண்டதை நான் பார்த்தேன். நான்கு பழங்களும் நசுங்க, லாரி பத்தடி முன்னே போயிற்று. கைதட்டல் ஓயுமுன் அதே பத்தடி பின்னே வந்து, பழைய இடத்திலேயே நின்றது. அவர் இறங்கிவந்து என் காதருகே குனிந்தார்.

"ஏனுங், ஒரு சத்தம் கேட்டுதுங்களா?"

"எலுமிச்சம்பழம் நசுங்கின சத்தமா இருக்கும்" என்றேன்.

"அதில்லீங்க. கியர் பாக்ஸுக்குள்ள. கர்ருன்னு ஒண்ணு."

எனக்குக் கேட்கவில்லை, ஜோங்காக்காரருக்கும் கேட்கவில்லை, கியர் பாக்ஸுக்கேகூடக் கேட்டிராது. ஆனால் பத்தடி ஓடிய வண்டியிலிருந்து இறங்கியபோது அந்த மனிதர் முகத்தில் படர்ந்திருந்த திகில் மறைந்து, அதனிடத்தில் ஓர் அலாதியான தெளிவு வந்துவிட்டது. வேஷ்டியை மடித்துக் கட்டிக்கொண்டு கோணிச்சாக்கை விரித்து வண்டிக்கடியில் புகுந்தார். ஸ்பானர் சத்தம் கேட்டு மனைவியார் வாசற்படிக்கு வந்து எட்டிப் பார்த்தார். ஒன்றும் கேட்காமல், மிளகாய் மூட்டையை எடுத்துவர உள்ளே போனார்.