அழிடா அதை!

ஃபிலிம் ரோலில் 36 படம்தான். கைதேர்ந்தவர்கள் சுருளை மாட்டும்போதே சிக்கனம் பிடித்து 37, 38 வரை கறந்துவிடுவார்கள். கிரகப்பிரவேசம் முடிந்து, வாழைமரம் வாடி, பந்தல்காரர் வந்து மூங்கிலைப் பிரித்துக்கொண்டு போன பிறகும் கேமராவுக்குள் இரண்டு மூன்று படம் மிச்சம் நிற்கும். அதைத் தீர்த்தால்தான் ஸ்டூடியோவில் கழுவக் கொடுக்க முடியும் என்பதால் துளசி மாடம், பக்கத்து வீட்டுப் பூனை, வாய் திறந்து தூங்கும் தாத்தா என்று கண்ணில் பட்டதையெல்லாம் எடுத்துத் தள்ளுவோம். இன்றைக்கு அந்த ஆல்பத்தைப் புரட்டினால் விசேஷத்துக்கு வந்தவர்களைவிட அந்தப் பூனையிடம்தான் அதிக நேரம் நிற்கிறேன். உங்கள் வீட்டு ஆல்பத்திலும் அப்படி ஒரு பூனை இருக்கும், தேடிப் பாருங்கள்.

இந்தச் சிக்கனத்துக்கெல்லாம் விமோசனம் என்று நம்பி 2003இல் டிஜிட்டல் கேமரா வாங்கினேன். 3.2 மெகாபிக்சல். யாராவது ‘3’ என்று சொல்லிவிட்டால், விட்டுப்போன புள்ளி 2ஐ உடனே சேர்த்துத் திருத்துவேன், அவ்வளவு பெருமை. பட்டனை அழுத்தினால் அது கொஞ்சம் யோசிக்கும், பச்சை விளக்கைக் காட்டும், பிறகுதான் எடுக்கும். அதற்குள் எல்லார் முகத்திலும் சிரிப்பு வடிந்து ‘எடுத்தாச்சா?’ என்ற கேள்வி வந்து உட்கார்ந்துவிடும். அந்தச் சில வருடங்களின் படங்களில் என் உறவினர்கள் அத்தனை பேரும் அந்தக் கேள்வியோடுதான் நிற்கிறார்கள். 1975இல் கோடக் நிறுவனத்தில் ஸ்டீவன் சாசன் செய்த முதல் டிஜிட்டல் கேமரா, ஒரே ஒரு படத்தைக் கேசட் டேப்பில் பதிய 23 விநாடி எடுத்துக்கொண்டது என்று பின்னால் படித்தபோதுதான் என் கேமராவின் வம்சாவளி புரிந்தது.

கம்ப்யூட்டர், சென்னை ரிச்சி தெருவில் அசெம்பிள் செய்தது. 40 ஜிபி ஹார்டு டிஸ்க். இந்த ஜன்மத்தில் நிரப்ப முடியாது என்று கடைக்காரர் சொன்னதை நான் ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தேன். ஆயுத பூஜைக்கு சிபியூவுக்குச் சந்தனம் குங்குமம். மற்ற நாளில் பூப்போட்ட துணி உறை. விண்டோஸ் எக்ஸ்பியைத் திறந்ததும் வரும் பச்சை மேட்டையும் நீல வானத்தையும் பார்த்து அப்பா, “இது எந்த ஊர்டா?” என்று கேட்டார். “ஊராவது, கம்ப்யூட்டர் வரைஞ்சதுப்பா” என்று அலட்சியமாகச் சொன்னவன் நான். அது கலிஃபோர்னியாவில் 1996இல் சார்லஸ் ஓ’ரியர் எடுத்த படமாம். அதுவும் ஃபிலிம் கேமராவில்!

அந்த மானிட்டர் முன்னால் நான் உட்கார்ந்தால் நாற்காலிக்குப் பின்னால் ஒரு தணிக்கைக் குழுவே கூடிவிடும். ஸ்டூடியோவிலிருந்து பிரிண்ட் வந்த காலத்தில், கண்ணை மூடிக்கொண்டு விழுந்திருந்தாலும் காசு கொடுத்தாயிற்றே என்று ஆல்பத்தில் இடம் கொடுத்தோம். இப்போதோ சித்திக்குத் தலை கலைந்திருந்தால் போச்சு. அக்கா எல்லாரையும் மிஞ்சினாள். “ஐயோ, எவ்ளோ குண்டா தெரியறேன்! அழிடா அதை!” அழித்தால் மட்டும் போதாது, குப்பைத்தொட்டியையும் காலி செய்து, காகிதம் கசங்குகிற அந்தச் சத்தம் காதில் விழுந்த பிறகுதான் நகர்ந்து போவாள்.

தப்பிப் பிழைத்தவற்றுக்கும் ஆயுள் கெட்டியில்லை. வைரஸ் வந்தாலும் வேகம் குறைந்தாலும், “பார்மட் போட்டுடலாம் சார்” என்பதுதான் அந்தக் காலத்து சர்வரோக நிவாரணி. ‘மை பிக்சர்ஸ்’ குடியிருந்ததோ சி டிரைவில். பார்மட்டில் முதலில் பலியாவதும் சி டிரைவ்தான். அப்புறம் ஒருநாள் கம்ப்யூட்டரே பரணுக்குப் போனது, ஆட்டுக்கல்லுக்குத் துணையாக.

போன விடுமுறைக்கு வந்த அக்கா மகன்தான் அதை இறக்கினான். டிஸ்க்கின் பின்புறம் ஊசி ஊசியாக நிற்கும் பின்களில் ஒன்று மடிந்திருந்தது. அம்மாவின் முள்வாங்கியை வாங்கி, மூச்சைப் பிடித்துக்கொண்டு அதை நிமிர்த்தினான். கேபிளை மாட்டியதும் டிஸ்க் ‘ஙொய்ங்’ என்று எழுந்தது. அந்தச் சத்தத்தைக் கேட்டு எத்தனை காலம்!

“மாமா, நீங்க அழிச்சதெல்லாம் அழியவே இல்ல” என்றான். ரேஷன் கார்டில் பெயரை அடித்துவிட்டாலும் ஆள் ஊருக்குள்ளேயே திரிவதைப்போல, பட்டியலிலிருந்துதான் பெயர் போயிருக்கிறதாம். அதே இடத்தில் வேறொன்று வந்து எழுதும்வரை படம் அங்கேயே இருக்குமாம். ஃபோட்டோரெக் என்ற இலவச மென்பொருள் பட்டியலைச் சட்டை செய்யாமல் டிஸ்க்கை மூலை முடுக்கெல்லாம் துழாவி, ஜேபெக் படங்களின் தலையில் இருக்கும் அடையாளத்தை வைத்தே இழுத்துப் போட்டது. பாதி ராத்திரிவரை உட்கார்ந்து நான் வைத்த பெயர்களெல்லாம் போய், எஃப் என்ற எழுத்தும் ஒரு நீள எண்ணுமாக வந்து குவிந்தன. சில படங்களில் மேல்பாதி சித்தப்பா, கீழ்ப்பாதி வெறும் சாம்பல் நிறம். இடுப்புக்குக் கீழே ஏதோ ஒரு எம்பி3 பாட்டு ஏறி உட்கார்ந்திருக்க வேண்டும். இணையத்தில் நான் எப்போதோ பார்த்தவையும் கூடவே வந்தன. “இந்த நடிகை யாரு மாமா? நிறைய வருது” என்று பையன் கேட்டபோது எனக்குக் காபி ஞாபகம் வந்து எழுந்து போனேன்.

மென்பொருளுக்குத் தராதரம் தெரியவில்லை. காணாமல் போனதும் கழித்துக் கட்டியதும் அதற்கு ஒன்றுதான். தணிக்கையில் வெட்டுப்பட்ட மூடிய கண்கள், கலைந்த தலைகள், பாதி மென்ற வடைகள் எல்லாம் வரிசையாக வந்து நின்றன. இன்றைய எஸ்எஸ்டி டிஸ்க்குகள் அழித்த இடத்தைத் தாமாகவே சுத்தமாகத் துடைத்து வைத்துவிடுகின்றனவாம். என்ன சுறுசுறுப்பு! பழைய டிஸ்க்கின் சோம்பேறித்தனம்தான் எங்கள் குடும்பத்தைக் காப்பாற்றி வைத்திருக்கிறது.

பையன் கேட்காமல் கொள்ளாமல் எல்லாவற்றையும் குடும்ப வாட்ஸப் குரூப்பில் ஏற்றிவிட்டான். காலையில் அக்காவிடமிருந்து போன். வழக்கமான நலம் விசாரிப்புகூட இல்லை.

“டேய், அந்த அரக்குப் புடவைப் படம் இருக்கே, அதுல நான் எவ்ளோ ஒல்லியா இருக்கேன் பாத்தியா? இதைப் போயி எவன்டா அழிச்சான்?”