பத்தாயத்தைத் திற, அப்புறம் வாயைத் திற

என்னடா தம்பி, வர்ற வாரம் தஞ்சாவூர் குடும்பநல நீதிமன்றத்துல சமரசப் பேச்சாமே? அதுக்கு ராத்திரியெல்லாம் முழிச்சு யூடியூப்ல சட்டம் படிக்கிறியாமே? கஞ்சி போட்ட வெள்ளைச் சட்டை, புதுச் செருப்பு, கையில தோல் பை. பொண்ணு பாக்கப் போனப்பகூட நீ இம்புட்டு ஜோடிச்சுக்கலையேடா!

சட்டத்தை நான் சொல்றேன், கேளு. குடும்பநல நீதிமன்றச் சட்டம் 1984-ல வந்தது. முடிஞ்ச மட்டும் ரெண்டு பேரையும் பேசித் தீத்துக்க வைக்கிறது கோர்ட்டோட கடமைன்னு 9-ம் பிரிவு சொல்லுது. 13-ம் பிரிவு இன்னும் வேடிக்கை. வக்கீல் வேணும்னு நீ உரிமையாக் கேக்க முடியாது, நீதிபதி அனுமதிச்சாத்தான் உண்டு. அப்ப யாரு பேசணும்? நீதான். நீ என்ன பேசுவே? தலை தீபாவளி மோதிரம் அரைப் பவுன் கொறச்சல்னு ஆரம்பிப்பே. அய்யா கடியாரத்தைப் பாப்பாவோ.

வாயை விடு, காயிதத்துக்கு வா. ஜீவனாம்ச வழக்குன்னா புருசன், பொண்டாட்டி ரெண்டு பேரும் வருமானம், சொத்து, கடன் அத்தனையும் பிரமாணப் பத்திரமாக் குடுக்கணும்னு 2020 நவம்பர்லயே உச்ச நீதிமன்றம் சொல்லிட்டுது. நீ என்ன எழுதிருக்கே? ‘விவசாயம், வருமானம் சொற்பம்’. ஏண்டா, அடங்கல்ல உம் பேருல ஒரு வேலி சம்பா நிக்குதே, அது யாரு நட்டது? கொள்முதல் நிலையத்துல நெல்லுப் போட்ட பணம் பேங்குல விழுந்திருக்கே, அது யாரு காசு? புல்லட்டு மேல காலைப் போட்டு ஸ்டேட்டஸ் வச்சது யாரு? முழுப் பூசணிக்காயைச் சோத்துல மறைக்கலாம்னு பாக்குறே, இலையில சோறே ஒரு கரண்டிதான் இருக்கு.

‘நான் விட்டுக்குடுக்க மாட்டேன், சுப்ரீம் கோர்ட்டு வரைக்கும் போவேன்’கிறியா? போயேன். காவிரிக்கும் அப்படித்தான் போனாவோ. 1990-ல நடுவர் மன்றம், 2007-ல இறுதித் தீர்ப்பு, 2018-ல உச்ச நீதிமன்றத் தீர்ப்பு. நம்ம பங்கு 192 டிஎம்சி 177.25 ஆனதுதான் மிச்சம். ரெண்டு மாநிலத்துக்கு ஆயுசு கெட்டி, இழுக்கலாம். உம் புள்ளைக்கு ஒண்ணாங்கிளாஸ் ஒரு வருசந்தாண்டா.

தோல் பைய வீட்டுல வச்சுட்டு, ஒரு முழு வெள்ளைத் தாளை எடு. மாசம் எவ்வளவு, எந்தத் தேதியில, எந்தப் பேங்குக் கணக்குல? எழுது. பள்ளிக்கூட நாள்ல புள்ளை யார்கிட்ட, பொங்கல் லீவுக்கு யார்கிட்ட? எழுது. அவ கொண்டாந்த குத்துவிளக்கு, பீரோ, எவர்சில்வர் அண்டா? ஒண்ணு விடாம எழுது. எதுவரைக்கும் எறங்கி வருவேங்கிறதை மட்டும் மனசுல வச்சுக்க. அவளுக்கு என்ன வேணும்னு ஒரு வரி எழுதத் தெரியுதா பாரு. தெரியலைன்னா ஒனக்கு இன்னும் பேசவே தெரியலைன்னு அர்த்தம்.

அங்க பேசுறது அங்கயே இருக்கணும். செல்போன்ல ஒளிச்சுப் பதிவு பண்றேன்னு சட்டைப் பையைத் தடவாத. ‘பாத்துச் செய்யுறேன்’னு ஒப்பந்தத்துல எழுத விடாத. பாத்துச் செய்யுறவன் எவன் இதுவரைக்கும் செஞ்சிருக்கான்? முழுக்க வாசிச்சுட்டுக் கையெழுத்துப் போடு.

போட்டுட்டு வெளிய வந்தியா, ஒரே ஒரு காரியம் பண்ணு. வேன் புடிச்சுக் கூட வந்திருக்கிற மாமன் மச்சான்கிட்ட நல்லாத்தான் முடிச்சேனான்னு மட்டும் கேட்டுப்புடாத. “அவசரப்பட்டுட்டியேடா, இன்னும் ரெண்டு வாய்தா இழுத்திருக்கலாமே”ம்பாவோ. அவொளுக்கென்ன, வாய்தாவுக்கு வாய்தா ஒங்காசுல பிரியாணி!